ஓடைக்கரைக் கதிர்க்குருவி

கதிர்க்குருவி பார்ப்பவர்களுக்குக் கழுத்துவலி நிச்சயம், இன்ஸ்பெக்டர் ஐயா. கட்டைவிரல் அளவுதான் இருக்கும்; ஒரு நொடி ஓரிடத்தில் நிற்காது. ஐப்பசி பிறந்தால் வடக்கேயிருந்து வந்து எங்கள் எஸ்டேட் சில்வர் ஓக் மரங்களின் உச்சியில் புழு பொறுக்கும். பக்கத்து வீட்டு ஸ்தனிஸ்லாஸ் சார் விடிந்ததும் பைனாகுலரோடு ஓடைக்கரையில் அண்ணாந்து நிற்பார்.

சேலத்திலிருந்து குடிவந்தவர். மனைவி இல்லை, மகள் எட்டிப்பார்ப்பதில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ளப் பக்கத்து வீட்டுக்காரிக்கு உரிமை இல்லையா? பணியாரம் கொடுத்துக் கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்குங்க மேரியம்மா? இந்தாங்க, குருவியப் பாருங்க," என்று பைனாகுலரை நீட்டினார்.

பார்த்தேன். பச்சை முதுகு, கண்ணுக்கு மேலே வெளிறிய கோடு. அழகுதான். ஆனால் பணியாரத்தைத் தின்றுவிட்டு வாயைத் திறக்காத மனிதரை நான் அதற்குமுன் கண்டதில்லை.

அந்த ஓடையில்தான் எஸ்டேட் பெண்கள் குளிப்பார்கள். குழாயடியில் காளியாயியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"ஏங்கண்ணு, நீங்க குளிக்கிற நேரத்துக்கேதான் அந்தக் குருவியும் வருதா?"

அவள் சிரிக்கவில்லை. "தெனமும் அங்கியேதான் நிக்கறாருங்கக்கா," என்றாள். குடம் நிரம்பி வழிந்தது. குழாயை மூடச் சொன்னேன். தண்ணீர் வீணாவது எனக்கு ஆகாது.

மறுநாள் காலையில் அவள் புருஷன் மூக்கன், தம்பிகளோடு தடி எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தான். நியாயமான பையன். எடுத்த எடுப்பில் அடிக்கப் போகவில்லை.

"ஏனுங்க மேரியம்மா, அந்தாளு நெசமாலுமே குருவிதான் பாக்கறாரா? நீங்க அந்தக் கண்ணாடில பாத்திருக்கீங்களாமே. ஒரு வார்த்த சொல்லுங்க, போயிடறோம்."

சார் வழக்கம்போல அண்ணாந்து நிற்பது வாசலிலிருந்தே தெரிந்தது.

"அவங்கவங்க பாக்கறது அவங்கவங்க மனசுக்குத்தானே தெரியும் சாமி," என்றேன். கதவைச் சாத்திக்கொண்டேன். ஜன்னலைச் சாத்தவில்லை.

முதல் அடிக்கு முன்னால் சார் கையை மேலே காட்டி, "குருவிங்க, குருவி" என்றார். மூக்கன் நிமிர்ந்துகூடப் பார்த்தான். அந்த நேரம் பார்த்துக் கிளையில் ஒன்றும் இல்லை. பிறகு அவர் என் வீட்டுப் பக்கம் திரும்பி, "மேரியம்மாவுக்குத் தெரியும், கேளுங்க" என்று கத்தினார். மூச்சு நிற்கும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நன்றாகக் கேட்டது, ஐயா. ஆனால் அடுத்தவர் விஷயத்தில் தலையிடுவது எனக்குப் பழக்கமில்லை.