பழைய லைன்

— டப்பாவை மறுபடியும் பையிலயே வெச்சுக்கங்க தம்பி. நம்மூட்டுக்கு வேண்டாமுங்க.

— பழனாயக்கா, சர்க்காரு சும்மா குடுக்கற செட்டாப் டப்பாவ வேண்டாம்னு சொல்ற ஒரே ஆளு இந்த வேலம்பாளையத்துல நீங்கதானுங்க. சும்மா குடுத்தா ரெண்டா குடுன்னு கேக்கற ஊருங்க இது.

— மெதுவாப் பேசுங்க, உள்ள அவரு படுத்திருக்காரு. இதை மாட்டுனா உங்க உள்ளூர் சேனல் வராதுன்னீங்களே?

— வராதுங்க. டப்பாவுக்குப் படமெல்லாம் சென்னையில இருந்து வருது. என்ற ரூமுல இருந்து நான் போடற கோயில் நோம்பி, கல்யாண வீடியோ, ‘காணவில்லை’ எல்லாம் பழைய லைனோட சரி.

— அப்பறம் யுவன் போட்டோ எதுல வருமுங்க?

— அதுக்குத்தான் நானும் வாயத் தொறக்க முடியாம நிக்கறனுங்க.

— ரண்டு வருசமாச் சாயங்காலம் ஆனா எம்பையன் மொகம் வருது. கம்பெனிக்குப் போனவன் ஊடு திரும்பல, பாத்தவங்க சொல்லுங்கன்னு கீழ எழுத்து ஓடுது. தீபாவளிக்குள்ள மாத்தோணும்னீங்க, கோர்ட்டுத் தடைன்னு தள்ளிப் போச்சு. பொங்கலும் தள்ளிப் போச்சு. சித்திரையும் போச்சு. இத்தனை தடவ தள்ளி வெச்ச கவர்மென்ட்டு இன்னொரு தடவ தள்ளி வெச்சாக் கொறஞ்சா போயிரும்?

— அக்கா, நானும் பனியன் ஏவாரத்துல இருந்து கேபிளுக்கு வந்தவன். பேரம் எனக்கும் தெரியுமுங்க. ஆனா நாளைக்கு ஆபீசருங்க வர்றாங்க. பழைய லைன்ல படம் ஓடறதைப் பாத்தா என்ற லைசென்ஸே போயிருமுங்க.

— ஒரு மாசம்.

— முடியாதுங்க.

— ஒரு வாரமாச்சும்?

— மறைக்காமச் சொல்லீர்றனுங்க. கவர்மென்ட்டு தள்ளி வெச்சது தீபாவளியோட சரி. பொங்கலும் சித்திரையும் நானாச் சொன்ன பொய்யி. ஏரியாவே எப்பவோ டப்பாவுக்கு மாறிருச்சு. உங்க ஒரு ஊட்டுக்காவத்தான் பழைய மிசினை நிறுத்தாம வெச்சிருக்கறனுங்க. யுவன் போட்டோவை ஊருல ஒருத்தரும் பாக்கறதில்லீங்க அக்கா. உங்க டி.வி.யில மட்டுந்தான் வருது.

— தெரியுமுங்க.

— என்னது?

— பக்கத்தூட்டு அனிதா டி.வி.க்கு மேல டப்பாவுல பச்ச லைட்டு எரியறது எனக்குத் தெரியாதுங்களா? எதுத்தூட்டுலயுந்தான் எரியுது.

— அப்பறம் யாரு பாக்கறதுக்குங்க இத்தனை பேரம்?

— பழனாயி! வாசல்ல யாரு, மகுடேஸ்வரன் தம்பியா? மணி ஆறாவப் போவுது, யுவன் போட்டோ வருமான்னு கேளு. இன்னிக்காச்சும் யாராவது பாத்துப் போட்டுப் போன் பண்ணுவாங்க.

— வருமுங்க! எந்திரிக்காதீங்க, படுத்துட்டே பாருங்க. … தம்பி, சித்தெ இப்படி அக்கட்டால வாங்க. கை கால் விழுந்து கெடக்கற மனுசன், அந்த மொகத்தைப் பாத்துட்டுத்தான் ஒரு வாய் கஞ்சி குடிக்கறாரு. போன மாசியில போலீசு என்னைக் கூப்புட்டாங்க. கம்பெனிக்குப் போறாப்புலயே போயி, எம்பையனை அடையாளம் காட்டி, அங்கயே எரிச்சுப் போட்டு, சாயங்காலம் டிபன் பாக்ஸோட ஊட்டுக்கு வந்துட்டனுங்க. அவருக்கு மட்டும் யுவன் இன்னும் காணாமப் போனவனாவே இருக்கட்டுமுங்க.