ஆட்டத்துக்குப் பிறகு கை கொடுத்தது பற்றி

என் பெயர் லோரெயின் ஹ்ரிச்சுக், வயது 41. மானிடோபா மாகாணம், டன்ரேவன் ஊர், ரயில்வே தெருவில் தனியாக வசித்து வருகிறேன். தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுவது என் வேலை. இதே புகாரில் முன்பே வாக்குமூலம் கொடுத்தேன். அதை மூடிவிட்டார்கள். இன்று வெளியூரிலிருந்து வந்துள்ள சார்ஜென்ட் பெலாஞ்சே முன் மறுபடி சொல்கிறேன்.

ஊர் கர்லிங் கிளப்பில், பனித்தளத்தில் கல் தள்ளி ஆடும் அணி ஒன்றில் நானும் இருக்கிறேன். அணித் தலைவர், ஊர்ப் போலீஸ் கான்ஸ்டபிள் டக் மெக்காலம். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மதியம் ஆட்டம் முடிந்த பிறகு, குளிரில் என் வண்டி கிளம்பாததால், எதிரணியின் கர்ட் வீபே என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னது நான்தான். அதை மறைக்கவில்லை. கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு வந்ததும் அவர் என்னைப் பிடித்து இழுத்தார். "வேண்டாம் கர்ட், வீட்டுக்குப் போ" என்றேன். அவர் விடவில்லை. அதன் பிறகு எனக்கு வாய் எழவில்லை, கைகால் அசையவில்லை. அவர் என்னை வன்புணர்வு செய்தார். தண்ணீர் வற்றிக் கெட்டில் கருகும் வாசனை வந்தது. பிறகு எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு, "பாத்து, வீடு பத்திக்கப் போகுது" என்று சொல்லிக் கிளம்பினார்.

மறுநாள் டக்கிடம் புகார் கொடுத்தேன். அடுத்த ஞாயிறும் கர்ட்டின் அணியோடுதான் ஆட்டம். நான் போகாவிட்டால் ஊரே காரணம் கேட்கும் என்பதால் போனேன். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எல்லோரும் எல்லோருக்கும் கை கொடுப்பது எங்கள் வழக்கம். கொடுத்தேன்.

அதற்கு மறுநாள் டக் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்.

"நேத்து அவன் கையப் புடிச்சுக் குலுக்குன. நானே பக்கத்துல நின்னு பாத்தேன்."

"உன் கையையும்தான் குலுக்குனேன், டக்."

"அவனத் தள்ளி விட்டியா? கத்துனியா?"

"வேண்டாம்னு சொன்னேன்."

"ஒரே ஒரு தடவ."

ஆதாரமில்லை என்று புகாரை மூடினார்.

மார்ச்சில் இன்னோர் ஆட்டம் முடிந்து கர்ட் கை கொடுக்க வந்தபோது நான் கொடுக்கவில்லை. அந்த வாரமே கிளப் கமிட்டி என்னைக் கூப்பிட்டு விசாரித்தது. கமிட்டியில் டக்கும் இருந்தார். "காரணம் இல்லாம கை குடுக்காம இருந்தா ஒழுங்கீனம், லோரெயின்" என்றார். "காரணத்த உன் மேசைலதான் வெச்சுட்டு வந்தேன்" என்றேன். பிறகு நான் போலீஸின் மாகாணத் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

சார்ஜென்ட் பெலாஞ்சே இன்று என்னிடம், "நீங்க தள்ளி விட்டீங்களான்னு சட்டம் கேக்காது. சம்மதிச்சீங்களான்னுதான் கேக்கும்" என்றார். நான் சம்மதிக்கவில்லை.

இன்னொன்றும் பதிவாக வேண்டும். இந்த அறைக்குள் வந்ததும் சார்ஜென்ட், "கை குடுக்கலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சரி என்று உட்கார்ந்துவிட்டார். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) லோரெயின் ஹ்ரிச்சுக்