மோட்டார் ஷெட் எர்த் ஒயர் மாற்றணும்

ஜெபமாலையைக்கூட ஒழுங்காகச் சொல்லி முடிக்கிறவன் இல்லை நான். மூன்றாவது தேவ ரகசியத்திலேயே கண் சொருகிவிடும். அப்படிப்பட்டவன் ஒரே ஒரு வாசகத்தை நாளைக்கு முப்பது தடவைக்குக் குறையாமல், ஆறு வாரம் விடாமல் படித்தேன் என்றால் அது என் போனின் புண்ணியம். 'மோட்டார் ஷெட் எர்த் ஒயர் மாற்றணும்.' வாசகம் அவ்வளவுதான்.

ஐயா, என் வாக்குமூலம் என்று நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். அதில் 'மறதியின் காரணமாக' என்று ஒரு வரி வருகிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள். என்மேல் இரக்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் எங்கள் உப்பளத்தில் வேலை செய்த அமுதவல்லி ஷாக் அடித்துச் செத்தது என் மறதியால் இல்லை. மறக்க எனக்கு வழியே இல்லாமல் இருந்தது.

மரக்காணம் உப்பளத்தில் பதினொரு வருஷமாக சூப்பர்வைசராக இருக்கிறேன். கோயில் பங்குப் பேரவையிலும் உறுப்பினர். யோசனை சொல்லும் இடத்தில் எல்லாம் என்னைப் பார்க்கலாம். வேலை நடக்கும் இடத்தில் பார்ப்பதுதான் கொஞ்சம் சிரமம். என் மகள் ஆன்மேரி பாண்டிச்சேரியில் வேலை பார்க்கிறாள். அப்பாவுக்கு ஒன்றும் ஞாபகத்தில் நிற்பதில்லை என்று, போன தடவை வந்தபோது குறிப்பு எழுதி வைக்கிற ஆப் ஒன்றைப் போனில் போட்டுக்கொடுத்தாள். எழுதி வைத்தால் அதுவே நினைவுபடுத்தும் என்றாள். நான் முதலில் எழுதிய குறிப்பு எர்த் ஒயர். இரண்டாவது குறிப்பு எழுதவே இல்லை.

உப்புத்தண்ணீரைப் பாத்திக்கு ஏற்றுகிற மோட்டாருக்கு ஒரு ஷெட் உண்டு. உப்புக்காற்று இரும்பை எப்படித் தின்னும் என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் ஜீப்பைப் பார்த்தாலே தெரிகிறது. எர்த் ஒயரை அது தின்று தீர்த்துவிட்டது. அப்போதிலிருந்து மோட்டார் போடுகிற ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். ஒருநாள் அடிக்கும், இரண்டு நாள் சும்மா இருக்கும். அதற்காக ஆட்கள் ஒரு காய்ந்த சவுக்குக் கம்பை வைத்திருந்தார்கள். நுனியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். அந்தக் கம்பால்தான் பட்டனை அழுத்துவார்கள். கம்புக்கு அவர்கள் வைத்த பேர் சூப்பர்வைசர். நாள் முழுக்க நிழலில் சாய்ந்து நிற்கிறதாம். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் சிரிப்புதான் வந்தது.

ஒயர் மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஒருநாள் மோட்டாரை நிறுத்தி, குழி தோண்டி, புதுக் கம்பி இறக்க வேண்டும். பங்குனி வெயிலில் ஒருநாள் மோட்டார் நிற்கும் என்று முதலாளி தேவநாதனிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நாற்பது நாளைக் கடத்தினேன்.

ஒரு திங்கட்கிழமை முதலாளியே அளத்துக்கு வந்திருந்தார். உப்புக் குவியலைப் போட்டோ எடுத்து அவரிடம் காட்டினேன். போனைக் கையில் வாங்கியவர் மேலே இருந்த அறிவிப்பைப் படித்துவிட்டார்.

"இன்னாய்யா இது, எர்த் ஒயரு மாத்தணும்னு?"

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது ஐயா. ஆமாங்க, ஒருநாள் நிறுத்தணுங்க என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நான் சொன்னது வேறு.

"அது எப்பவோ முடிஞ்ச வேலைங்க. போன்ல ஸ்டக் ஆயிடுச்சு, தள்ளினா போக மாட்டேங்குது."

"அப்ப மொதல்ல போனை சரி பண்ணு. வியாழக்கெழம பாண்டிலருந்து ஆளுங்க அளம் பாக்க வர்றாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேடிக்கை என்னவென்றால், சொல்லி முடித்ததும் நானே அதை நம்பிவிட்டேன். போன்தான் கெட்டுவிட்டது என்று உண்மையாகவே கோபம் வந்தது. அன்று சாயங்காலமே கூனிமேட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் மணிவண்ணனிடம் ஓடினேன். ஒயருக்காக நாற்பது நாளில் நாலடி நடக்காதவன், அறிவிப்புக்காகப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போனேன்.

மணிவண்ணன் தள்ளிப் பார்த்தார், திரும்ப வந்தது. போனை அணைத்துப் போட்டார், எழுந்ததும் அதுதான் முதலில் எழுந்தது. ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். புது மாப்பிள்ளை மாதிரி பளிச்சென்று வந்து உட்கார்ந்தது. கடைசியில் அவரே ஆப்புக்குள் போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, இதுல கோளாறே இல்லண்ணே. வேலை முடியிற வரைக்கும் விடாதன்னு செட் பண்ணி வச்சிருக்காங்க. வேலைய முடிச்சிட்டு இந்த கட்டத்துல ஒரு டிக் போடுங்க, தானா போயிடும்."

"செய்யாத வேலைய செஞ்சேன்னு டிக் போடச் சொல்றியா?" என்று கேட்டேன். நல்ல கம்பீரமாகத்தான் கேட்டேன். கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப வேலைய செஞ்சிடுங்கண்ணே" என்றார் அவர்.

செவ்வாய் முழுக்க அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதன் மாலை நாலு மணிக்கு டிக் போட்டேன். அறிவிப்பு போய்விட்டது. ஐயா, மனசு அவ்வளவு லேசாக இருந்தது. வேலையை உண்மையிலேயே முடித்திருந்தால்கூட அப்படி இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

அப்புறம்தான் கம்பு கண்ணில் பட்டது. ஒயர் மாற்றியாகிவிட்டது என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன், போனும் சொல்கிறது, இந்தக் கம்பு மட்டும் இல்லை இல்லை என்று வாசலில் நிற்கிறது. நாளைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். ஆட்கள் கிளம்பிய பிறகு அதை வண்டியில் வைத்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். இப்போது என் வீட்டுப் புடலைப் பந்தலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள், பந்தல் சரிந்தால் பரவாயில்லை.

அமுதவல்லி இறந்த அன்று, ஆதாரம் என்று உங்களிடம் அந்த டிக்கைத்தான் காட்டினேன். தேதி, மணி எல்லாம் இருக்கிறது பாருங்கள் என்றேன். அவள் புருஷன் பக்கிரி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "சூப்பர்வைசரு மாத்தித்தான் வச்சிருந்தாரு. அவ தலையெழுத்து" என்று வந்தவர்களிடம் எல்லாம் சொல்லி அழுதான். அதைக் கேட்டபோது எனக்கு வெட்கம் வரவில்லை, நிம்மதியாக இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் எலக்ட்ரீசியன் வந்து தோண்டிப் பார்த்து, பழைய ஒயர்தான், அதுவும் பாதி இல்லை என்று சொன்னார். உடனே நீங்கள் மறதி என்று எழுதிவிட்டீர்கள்.

வியாழக்கிழமை காலையில் நடந்தது யாருக்கும் தெரியாது. அங்கே நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

வெளிச்சம் வந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். பாண்டிக்காரர்கள் வருவதால் நானும் அதிசயமாக நேரத்தோடு வந்திருந்தேன். எப்போதும் மோட்டார் போடுவது அமுதவல்லிதான். பாத்தியிலிருந்து ஏறி வந்தாள், முழங்கால் வரை உப்புத்தண்ணீர். ஷெட்டைச் சுற்றித் தேடினாள்.

"அண்ணே, கம்பு எங்கண்ணே?"

"எடுத்துட்டேம்மா. ஒயரு மாத்தியாச்சு. இனிமே கையாலயே போடலாம்."

"எப்போண்ணே மாத்துனீங்க? நேத்து சாயந்தரம் வரைக்கும் நான் இங்கதான இருந்தேன்."

"நீ போனதுக்கப்பறம்" என்று சொல்லிப் போனை எடுத்துக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பச்சையாக இருந்த டிக்கைக் குனிந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் போடுவார்களே, சரி என்று, அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

பெட்டிவரைக்கும் போனவள் என்ன தோன்றியதோ, திரும்பினாள்.

"புது ஒயரு. மொத தடவ நீங்களே போடுங்கண்ணே."

அவள் சந்தேகப்பட்டுக் கேட்டாளா, மரியாதைக்குக் கேட்டாளா என்று இன்றுவரை யோசிக்கிறேன். வருஷா வருஷம் முதல் உப்பு வாருவதற்கு எங்கள் அளத்தில் அவளைத்தான் கூப்பிடுவோம். அவ்வளவு நல்ல கை. அது சமயத்துக்கு வந்து உதவியது.

"உன் கை ராசியான கை. நீயே போடும்மா" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். நான் இரண்டடி பின்னால் நகர்ந்து, காய்ந்த பலகை ஒன்று கிடந்தது, அதன்மேல் ஏறி நின்றுகொண்டேன்.