பாட்டு ஊருக்கு, இடம் வள்ளத்துக்கு

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் பேராசிரியர் தேவமணி அவர்களே, அலையோடு வளர்ந்து இந்த அவைக்கு வந்திருக்கும் திரேஸ்புரத்துப் பெரியவர்களே, மீன் கூடையை இறக்கி வைத்த கையோடு வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே, முத்தையாபுரத்திலிருந்து பேருந்து பிடித்து வந்த தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நம் கரையின் குரல்களைத் திரட்டி இணையத்தில் வைக்கப் போகிறோம். கடலில் பாடிய பாட்டு. காற்றுக்கு வைத்த பெயர். கல்யாணத்துச் சடங்கு. அத்தனையையும் அடுக்கவும், தேடித் தரவும், காட்டவும் ஒரு மென்பொருள் வேண்டும். சி.எம்.எஸ். என்பார்கள். இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்றை இந்தச் சபை இன்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலாவது அழகு. திறந்ததும் வரைபடம் விரியும். கடல் நீலமாய் அசையும். எங்கள் குழுவின் கணினிப் பொறியாளர் ஜாய்சன் அதை ஆசை ஆசையாய் அமைத்தார். சோதனைக்கு ஒரு பாட்டை ஏற்றினார். சங்கு குளிக்கும் சிலுவை அண்ணன் வள்ளத்தில் உட்கார்ந்து பாடியது. ஜாய்சனின் கைபேசியில் பதிந்தது.

கைபேசி பாட்டை மட்டுமா பதிந்தது? பாடிய இடத்தையும் பதிந்தது. மென்பொருள் யாரையும் கேட்கவில்லை. வரைபடத்தின் நடுக்கடலில், இணையத்தில் எல்லோரும் பார்க்க, ஒரு சிவப்புப் புள்ளி வைத்தது.

அது எந்த இடம்? மாதா கோயில் கோபுரத்தையும் அனல்மின் நிலையப் புகைபோக்கியையும் கண்ணால் அளந்து, அண்ணனின் வள்ளத்தார் கண்டுபிடித்த, சங்கு கிடக்கும் கடலடி மணல். உடன்பிறந்தவனுக்கும் சொல்லாத இடம். வாரம் முடிவதற்குள் அங்கே வேறு வள்ளங்கள் நின்றன.

அண்ணன் சண்டைக்கு வரவில்லை. அவர் மனைவி பிளாரன்ஸ் அக்கா வந்தார். சிரிக்கிறீர்கள். அக்காவை உங்களுக்குத் தெரியும்.

"ஏலே ஜாய்சா, பாட்டத்தான கேட்ட? இடத்துல கொடி நட்டு வச்சிருக்க."

"நெட்ல இருந்து எடுத்தாச்சுக்கா."

"பாட்டையுமா எடுத்த? எம் மவ ஷெர்லின் மஸ்கட்ல டூட்டி முடிச்சி வந்து அதத்தான் கேட்டுட்டுக் கெடந்தா."

"அதுல ரெண்டையும் பிரிக்க முடியாதுக்கா. மறைச்சா எல்லாம் மறையும்."

"முள்ளெடுக்கத் தெரியாமலாலே ஊருக்கே மீன் விருந்து வைக்கிய?"

ஜாய்சன் மேல் கோபம் வேண்டாம். நம் கடலை உலகம் பார்க்கட்டும் என்று நினைத்தார். அந்த நினைப்பு நல்ல நினைப்பு.

பின்வரிசையில் ஓர் அண்ணாச்சி கேட்கிறார், "மொதல்ல உள்ளதுதான பாக்க லெச்சணமா இருக்கு?" இருக்கிறது, அண்ணாச்சி. இரண்டாவது வெள்ளைத் தாள் மாதிரி இருக்கும். ஆனால் அதில் பாட்டு தனி, பாடியவர் பெயர் தனி, இடம் தனி. எதை யார் பார்க்கலாம் என்பதைக் கொடுத்தவர் சொல்லலாம். நாளைக்கு மனம் மாறினால் மாற்றலாம்.

யாருடைய மூச்சு அந்தப் பாட்டு? யாருடைய உழைப்பு அந்த மணல்? யார் மூழ்கினார், யார் முத்திரை குத்துவது? கொடுத்தவரின் சொல்லுக்குக் கட்டுப்படாத மென்பொருள் எத்தனை அழகாய் இருந்தென்ன? சபையோரே, நான் இரண்டாவதைக் கேட்கிறேன்.

கைகள் உயர்கின்றன. முதல் கை ஜாய்சனுடையது. நன்றி, ஜாய்சன்.

இன்னும் ஒன்று மீதி. அந்தப் பாட்டு இதோ இந்தக் கணினியில், இரண்டாவது மென்பொருளில் ஏறி, பூட்டிக் கிடக்கிறது. மூன்றாம் வரிசையில் சிலுவை அண்ணன் இருக்கிறார். அண்ணே, திறக்கலாம், பூட்டியே வைக்கலாம். பூட்டச் சொன்னாலும் இந்தச் சபைக்கு வருத்தமில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

அண்ணன் சொன்னது கடைசி வரிசைவரை கேட்டிருக்காது. நானே சொல்கிறேன். "பாட்டு ஊருக்கு. இடம் எங்க வள்ளத்துக்கு."

தலைவருக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், திட்ட வந்து வழிகாட்டிய பிளாரன்ஸ் அக்காவுக்கும் நன்றி. இனி நான் பேசினால் பாட்டுக்கு இடைஞ்சல். மஸ்கட்டில் ஒரு பெண் டூட்டி முடித்து வரும் நேரம்.

ஜாய்சன், போடுங்கள். வணக்கம்.