மூன்று விரற்கடை

மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்கு நான் பஸ்ஸில்தான் போவேன். ரயிலில் போனால் குர்லாவில் மாற வேண்டும்; பஸ்ஸில் உட்கார்ந்து படிக்கலாம். சயானில் அக்தர் பானு ஏறுவாள். தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கும் கரீம் பாட்சாவின் மகள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடம் என் கீழ் வேலை பார்த்தவள். பக்கத்து இருக்கையில் என் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்து வைப்பேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். அவள்மேல் எனக்கு விரோதம் எதுவும் கிடையாது.

என் வேலை கற்களைப் படிப்பது. இருபத்தைந்து கோடி வருடங்களுக்கு முன்னால் கடலில் வாழ்ந்த உயிர்களில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. கடல்நீரில் ஆக்சிஜன் தீர்ந்ததால்தான் அவை செத்தன என்று 1958-இல் எழுதினேன். எங்கள் வட்டாரத்தில் அதை யாரும் மறுக்கவில்லை. இரண்டு கல்லூரிகளில் வேங்கடசுப்ரமணியன் என்று என் பெயரைச் சொல்லியே பாடம் நடத்தினார்கள்.

போன வருடம் நவம்பரில், இமயமலையிலிருந்து வந்த ஒரு கல்லை அறுத்து அக்தர் என் மேஜைமேல் வைத்தாள். அடியில் சிப்பிகள். ஒரு கோட்டோடு அவை நின்றுவிடுகின்றன. அதற்குமேல் மூன்று விரற்கடைக்குச் சாம்பல்நிறக் கல். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் உண்டாகும் கறுப்புக் கல் அதற்கும் மேலேதான் தொடங்குகிறது.

"இந்தச் சாம்பல் கல்லைப் பாருங்க சார், புழு ஊர்ந்த தடம். ஆக்சிஜன் இல்லாம புழு ஊருமா? சிப்பியெல்லாம் செத்தது முதல்ல. ஆக்சிஜன் போனது ரொம்பப் பின்னாடி."

லென்ஸை வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஐந்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் வருடக்கணக்கில் சண்டை போட்டிருப்பார்கள்.

"மே மாசம் நான் ரிடையர் ஆறேன்மா. அதுவரைக்கும் பொறுத்துக்கோ," என்றேன்.

"ஹைதராபாத் கருத்தரங்குக்குக் கட்டுரை எழுதி வெச்சிட்டேன் சார். வர்ற திங்கக்கிழமை தபால்ல போடணும். உங்க பேரையும் சேர்த்துத்தான் போட்டிருக்கேன்."

"என் தப்பைச் சொல்ற கட்டுரையில என் பேரா?"

"கல்லு அப்படித்தான் சொல்லுது. நான் என்ன செய்ய?"

மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் ஒன்றை அவள் புரிந்துகொள்ளவில்லை. ஒரு பிழையைத் திருத்தும் உரிமை அதைச் செய்தவனுக்குத்தான் உண்டு. நான் இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். நீங்கள் முறைப்பதால் அது மாறிவிடாது.

அந்தக் கறுப்புக் கற்கள் பம்பாய் ஈரக் காற்றில் மஞ்சள் பொடியாக உதிர்ந்துவிடும். அதனால் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் நைட்ரஜன் நிரப்பி வைத்திருந்தோம். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. மூச்சு முட்டாது. நாலைந்து மூச்சில் நினைவு போய்விடும், அவ்வளவுதான். உள்ளே வாயு இருக்கும்போது கதவில் சிவப்புப் பலகை தொங்கும். யாராவது போவதற்கு முன் அரைமணி நேரம் மின்விசிறியை ஓட விட்டு வெளிக்காற்றை நிரப்ப வேண்டும்.

சனிக்கிழமை மதியம் மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கட்டுரைக்குப் படம் எடுக்க, உள்ளே வைத்திருந்த அந்த இமயமலைக் கல் அவளுக்குத் தேவைப்பட்டது. கதவருகே நின்று, "ஃபேன் போட்டாச்சா சார்?" என்று கேட்டாள்.

"போட்டு அணைச்சாச்சும்மா. போய் எடுத்துக்கோ."

பலகை என் டிராயரில் இருந்தது. நான் ஓய்வுபெற்ற பிறகு அங்கே கிடைத்ததாகச் சொல்கிறீர்கள். ஆம், நான்தான் வைத்தேன். மறந்து வைக்கவில்லை.

ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பெட்டி விழுந்த சத்தம் மட்டும். நாற்பது நிமிடம் கழித்து மின்விசிறியைப் போட்டு, பலகையைத் தேடிக் கிடைக்காத மாதிரி இரண்டு டிராயர்களைக் கலைத்துவிட்டு, வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். பலகை எங்கோ தொலைந்துவிட்டது, அவள் எப்போதும் அவசரக்காரி, கேட்காமலே உள்ளே போய்விட்டாள் என்று விசாரணையில் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அவள் அவசரக்காரி இல்லை.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். கரீம் பாட்சா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தோல் பதனிட்டுக் காய்த்துப்போன கைகள்.

"வீட்ல எப்பவும் உங்க பேச்சுதான் சார் அவளுக்கு. சொந்தப் புள்ள மாதிரி பாத்துக்கிட்டீய."

ஆமாம் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

கட்டுரையைத் திங்கட்கிழமை நானே தபாலில் சேர்த்தேன். ஜனவரியில் ஹைதராபாத்தில் நானே படித்தேன். சாவு முதலில், ஆக்சிஜன் இழப்பு பிறகு. ஐம்பத்தெட்டு வயதில் தன் வாழ்நாள் ஆய்வின் முடிவைத் தானே மறுக்கும் நேர்மை என்று சொல்லி, சபை எழுந்து நின்று கைதட்டியது.

அவள் எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் மாற்றவில்லை. தலைப்பின் கீழே என் பெயர் மட்டும் இருக்கும். கடைசிப் பக்கத்தில் செல்வி அக்தர் பானுவுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சேர்த்தேன். என் இடத்தில் இருந்தால் எத்தனை பேர் அதைச் செய்திருப்பார்கள், நீங்களே சொல்லுங்கள்.