பிரேக்கில் இல்லாத பழுது

மேடையின் நடுவே அமர்ந்து, இவள் பேச்சு எங்கே போய் முட்டுமோ என்று கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கும் விழாத் தலைவர், பணிமனை மேலாளர் அவர்களே! சங்கத்தைச் சுமந்து சுமந்து தோள் சாய்ந்த மூத்த தோழர்களே! விடியுமுன் வண்டி எடுக்கும் ஓட்டுநர் உடன்பிறப்புகளே! நின்றபடியே நாளெல்லாம் நகரைச் சுற்றும் நடத்துநர் தம்பி தங்கைகளே! கழுவியும் போகாத கரிக் கையோடு கடைசி வரிசையில் நிற்கும் மெக்கானிக் தோழர்களே! பெற்ற பிள்ளையைப் பேருந்துக்குத் தத்துக் கொடுத்துவிட்டு, வாசலைப் பார்த்தே வயதாகிப்போன தாய்மார்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

‘உடற்பயிற்சியும் ஓட்டுநர் நலமும்’ என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். அழகான தலைப்பு. ஆனால் நான் பேச வந்திருப்பது ஒரு பொய்யைப் பற்றி. இருபத்திரண்டு ஆண்டுகளாக இங்கே பேருந்து ஓட்டும் நான், என் கையால் எழுதி, கையெழுத்தும் போட்ட பொய்!

பழுதுப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறதல்லவா? வண்டியைக் கொண்டுவந்து விட்டதும், அதில் என்ன கோளாறு என்று நாம் எழுதிவைக்கும் நோட்டு. அதில் நாம் என்ன எழுதுகிறோம்? இடுப்பு வலித்தால் ‘சீட் சரியில்லை’. தோள் வலித்தால் ‘ஸ்டீயரிங் டைட்’. கணுக்கால் வலித்தால் ‘கிளட்ச் கடினம்’. நமக்கு வந்த நோயையெல்லாம் நாம் வண்டிக்கு எழுதுகிறோம்! சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். மேலாளர் சிரிக்கவில்லை, கவனித்தீர்களா? இன்னும் கொஞ்ச நேரத்தில் நீங்களும் சிரிக்க மாட்டீர்கள்.

சென்ற ஆண்டு, ஒரு மழைநாள். மாலை நேரம். வண்டியில் அறுபது பேர். பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோட்டில் ஒரு தாய். ஒரு கையில் குடை, மறு கையில் குழந்தை. பார்த்தேன். தூரம் இருந்தது. நேரம் இருந்தது. மிதி என்றது மூளை. மிதிக்கவில்லை கால்! வலது முழங்கால் பூட்டுப் போட்டது போல் இறுகிக்கொண்டது. ஒரு நொடி, தோழர்களே, ஒரே ஒரு நொடி! இரண்டு கையாலும் தொடையைப் பிடித்து அழுத்தி, எப்படியோ மிதித்தேன். வண்டி நின்றபோது அந்தக் குடையின் கம்பி என் கண்ணாடியில் உரசிக்கொண்டிருந்தது.

அந்தத் தாய் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குழந்தையை மார்போடு இறுக்கி, என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

பணிமனைக்கு வந்து நான் என்ன எழுதினேன்? ‘பிரேக் பிடிப்புக் குறைவு.’ வெட்கமாக இருக்கிறது. இந்த மேடையில் நின்று சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நம் மெக்கானிக் தம்பி அரை நாள் அந்தப் பிரேக்கைக் கழற்றிப் போட்டுப் பார்த்தார். பிறகு நேரே என்னிடம் வந்தார்.

“அக்கா, போன மாசம் நாலு வண்டிக்கு ஸ்டீயரிங் டைட்டுன்னு எழுதியிருக்கீங்க. நாலையும் பார்த்தேன். இன்னைக்கு பிரேக்கையும் பார்த்தாச்சு. ஒண்ணுமே இல்ல. இந்த அஞ்சு வண்டிக்கும் பொதுவா இருக்கறது நீங்க ஒருத்தர்தான்.”

“உன் வேலையப் பார்த்துட்டுப் போ.”

“போறேன்க்கா. ஆனா நாளைக்கு நீங்க வண்டி எடுத்தா, நானே மேலாளர்கிட்ட சொல்லிடுவேன்.”

அன்று அவரை நான் எப்படியெல்லாம் ஏசினேன்! இன்று இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன்: தம்பி, நீ தடுத்தது என் வண்டியை மட்டுமல்ல.

மருத்துவர் பார்த்தார். முடக்குவாதம் என்றார். விரல், மணிக்கட்டு, தோள், முழங்கால் என்று ஒவ்வொரு மூட்டாக வீங்கி இறுகும் நோய். மருந்து தொடங்கியது. நிர்வாகம் எட்டு வாரம் தந்தது. எட்டாவது வாரம் தகுதிச் சோதனை. தேறினால் ஸ்டீயரிங்; தேறாவிட்டால் அலுவலக நாற்காலி. நாற்காலி இழிவா? இல்லை. ஆனால் எனக்கு ஓட்டத்தானே பிடிக்கும்! அறுபது பேரின் உயிரைச் சுமந்துகொண்டு ஒரு வளைவில் அலுங்காமல் திரும்புகிற அந்தச் சுகத்தை விட்டு நான் எங்கே போவேன்?

மூட்டு இறுகாமல் இருக்க அளவோடு அசைக்க வேண்டும் என்று பிசியோதெரபி அம்மா பன்னிரண்டு பயிற்சிகள் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை மடித்து மருந்து டப்பாவுக்கு அடியில் பத்திரமாக வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். சுவரைப் பார்த்துக் கையைத் தூக்கி இறக்க யாருக்கு மனம் வரும்? அடுத்த முறை என் தோளைத் தொட்டுப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“வீட்ல வீடியோ கேம் இருக்கா? உக்காந்து ஆடறது இல்ல, உடம்ப அசைச்சு ஆடறது.”

“என் மக வச்சிருக்கா. எனக்கெதுக்குங்க அந்த விளையாட்டெல்லாம்?”

“அதான் உங்களுக்கு. நாற்காலில உக்காந்தே ஆரம்பிங்க. பத்து நிமிஷம், போதும். வீங்கின மூட்டுக்கு அன்னைக்கு லீவு. ஆடி ரெண்டு மணி நேரத்துக்கு மேல வலி இருந்துச்சுன்னா, மறுநாள் குறைச்சுடணும்.”

தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு சிறிய கேமரா. அது நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கையை உயர்த்தினால் திரையில் பலூன் வெடிக்கிறது. துடுப்புப் போடுவது போலத் தோளைச் சுழற்றினால் படகு போகிறது. உட்கார்ந்து எழுந்தால் கதவு திறக்கிறது. ஐம்பது வயதில் காற்றோடு சண்டை போடுகிறாளே என்று எதிர்வீட்டு ஜன்னல் என்னை வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும்! சுவரைப் பார்த்துத் தூக்காத கை, பலூனைப் பார்த்துத் தூக்கியது.

என் மாமியாருக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். மூன்று நாள் பேசாமல் பார்த்தார். நான்காம் நாள், “தள்ளு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் ஆட்டத்திலேயே என்னைவிட முந்நூறு புள்ளி அதிகம்!

“நீ வண்டி ஓட்டற லட்சணத்த இன்னைக்குத்தாம்மா நேர்ல பார்க்கறேன். ஆறு இம்மாம் அகலமா இருக்கு, படகக் கொண்டுபோய் பாறைல ஏத்தறியே!”

கைதட்டல் எனக்கா, மாமியாருக்கா? மாமியாருக்கா! சரி, சொல்லிவிடுகிறேன்.

இப்போது நான் செய்த அடுத்த தவற்றைக் கேளுங்கள். அது நம் ஓட்டுநர் இனம் மட்டுமே செய்யக்கூடிய தவறு. திரையின் மூலையில் சிவப்பாக ஒரு கடிகாரம் ஓடும். ஓட்டுநருக்குக் கடிகாரத்தைக் காட்டினால் என்ன செய்வார்? முந்துவார்! இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தாமதத்துக்கு விளக்கம் எழுதிய உடம்பு அல்லவா இது? பத்து நிமிடம் இருபதானது. இருபது நாற்பதானது. வீங்கிய மணிக்கட்டோடு ஒருநாள் ஒரு மணி நேரம் துடுப்புப் போட்டேன். பிசியோதெரபி அம்மா போனில் கேட்டார், “வலி எப்படி இருக்கு?” “இல்லைங்க” என்றேன். மீண்டும் பொய்! பதிவேட்டில் எழுதியதை இப்போது வாயால் சொன்னேன்.

ஐந்தாம் வார முடிவில் எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் இரண்டும் உப்பிவிட்டன. குழாயைத் திருக முடியாத என் கைகளைப் பார்த்துவிட்டு, மாமியார் எனக்கு முகம் கழுவிவிட்டார். சோதனைக்கு இன்னும் பதினெட்டு நாள். முடிந்தது என்றே நினைத்தேன். மருத்துவர் மருந்தை மாற்றினார். பிசியோதெரபி அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார், கோபத்தோடு.

“பாயிண்ட் ஏறுதான்னு பார்த்தீங்க. மூட்டு வீங்குதான்னு பார்த்தீங்களா? நீங்க உண்மையச் சொல்லலைன்னா நான் எதை வச்சுங்க வைத்தியம் பண்றது?”

வீக்கம் வடிய ஐந்து நாள். அதற்குப் பிறகு ஆட்டத்தின் ரிமோட் மாமியார் கைக்குப் போய்விட்டது. எந்த நாளும் ஆட்டம் தொடங்குமுன் ஒரே கேள்வி.

“வலி பத்துக்கு எத்தனை?”

“ஒண்ணும் இல்ல அத்தை.”

டிவி அணைந்தது.

“எத்தனை?”

“ஆறு” என்றேன். சொன்னதும் அழுதுவிட்டேன். வலிக்காக அல்ல, தோழர்களே. பெற்றவளிடம் சொல்லாததை, கட்டியவரிடம் சொல்லாததை, மருத்துவரிடமே மறைத்ததை, முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேனே, அதற்காக. ஆறு என்றால் விரல் பயிற்சி மட்டும். ஐந்து என்றால் பலூன். நான்கு என்றால் பத்து நிமிடம் படகு. பத்து முடிந்தால், நான் ஜெயித்துக்கொண்டிருந்தாலும் அணைத்துவிடுவார். ஜெயித்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் முன்னாலேயே அணைப்பார், அது வேறு விஷயம்.

சோதனை நாள் வந்தது. பணிமனை மைதானம். காலி வண்டி. பக்கத்தில் தேர்வு மருத்துவர், கையில் தாள். ஸ்டீயரிங்கை இந்த முனை முதல் அந்த முனைவரை திருப்பச் சொன்னார். திருப்பினேன். கைப்பிடியைப் பிடிக்காமல் படி ஏறச் சொன்னார். ஏறினேன். கொடி அசைந்ததும் அவசர பிரேக். ஓட்டினேன். கொடி அசைந்தது. கால் இறங்கியது! நின்றது வண்டி, கோட்டுக்கு முன்னால்! மூன்று முறை! மூன்று முறையும்!

பேனாவைத் திறந்தார். “வலி ஏதாவது இருக்கா?” என்றார்.

கண்ணாடிக்கு வெளியே என் சக ஓட்டுநர்கள். ஒருவர் தலையை ஆட்டுகிறார்: இல்லை என்று சொல், இல்லை என்று சொல். நானும் என்ன சொல்ல வேண்டும் என்று அறிந்தவள்தானே? ஒரு சொல். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் வண்டி என்னுடையது. எனக்கு அந்தக் குடை தெரிந்தது. அந்தத் தாயின் கண் தெரிந்தது.

“நாலு” என்றேன். “பத்துக்கு நாலு. வலது முழங்கால்ல. காலைல எழுந்ததும் அஞ்சரை இருந்துச்சு.”

அவர் எழுதுவதை நிறுத்தினார். என் முழங்காலை அழுத்திப் பார்த்தார். பிறகு, “நீண்ட தடம் கிடையாது. அரை ஷிப்ட். மூணு மாசத்துக்கு ஒரு தடவ சோதனை” என்று எழுதிக் கையெழுத்திட்டார். என் பழைய தடம் போயிற்று. நெடுஞ்சாலை போயிற்று. முழு வெற்றியா? இல்லை. ஆனால் ஸ்டீயரிங் என் கையில் இருக்கிறது, அதுவும் நேர்மையாக!

அடுத்த சோதனை வரும் திங்கள்கிழமை. தேறுவேனா? தெரியாது. இன்று காலை வலி ஐந்து. மேலாளர் அவர்களே, அதைப் பதிவேட்டிலும் எழுதியிருக்கிறேன். வண்டிக்கு அல்ல, எனக்கு!

நாளை முதல் நம் ஓய்வறையில் அந்த விளையாட்டுப் பெட்டி இருக்கும். மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள், ஆடுங்கள். ஆனால் அதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். இந்த அரங்கில், வலியை வண்டியின் மேல் எழுதியவர்கள் எத்தனை பேர்? எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள்! மேலாளரைப் பார்க்காதீர்கள், என்னைப் பாருங்கள்! ஒருவருமா இல்லை?

இதோ, நடுவரிசையில் ஒரு நடத்துநர் தங்கை. அவள் கை காதுவரைதான் எழுகிறது. போதுமம்மா, போதும், அதற்கு மேல் தூக்காதே! அதோ ஒன்று. அதோ இரண்டு. ஐயோ, இத்தனையா? இத்தனை வலியோடா நாம் தினமும் இந்த நகரத்தைச் சுமக்கிறோம்?

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், உண்மையை உயர்த்திய இந்தக் கைகளுக்கும் என் நன்றி. என் உள்ளங்கைகள் இரண்டும் இன்று முழுதாகச் சேரவில்லை. நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியோடே கும்பிடுகிறேன். வணக்கம்.