சுவர் தாண்டிக் கேட்ட ‘ஏங்க’

கீழ்பென்னாத்தூர் பேருந்து திருவண்ணாமலை நிலையத்திலிருந்து கிளம்புவதாக இல்லை. முன் இருக்கையில் இரண்டு பெண்கள், பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். அறுபதைத் தாண்டியவர் வேர்க்கடலை உரித்தபடி சொன்னார்:

“எங்கனா ஒரு கொலை விழுந்தாத்தான் எனக்கு வீட்ல பேச்சுத்துணை.”

இதைக் கேட்ட பிறகு காதைத் திருப்பிக்கொள்ள நான் துறவி இல்லை.

இளையவர் சிரிக்கவில்லை. “நானே கேக்கணும்னு இருந்தேங்க்கா. மாமா தவறி ஒரு வருஷம் ஆவப்போவுது. சாயந்தரமானா உங்க வீட்லருந்து ‘ஏங்க’னு கூப்புடுற சத்தம் கேக்குதே?”

“அதுவா? கதை புக்கும்மா. நவாபு காலத்து ஆற்காட்டுல நடக்குது. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமா சேந்து கொலைகாரன கண்டுபுடிப்பாங்க. வரிசையா நெறைய புக்கு வந்துருக்கு. அவளுக்கு எதுனா துப்பு கெடச்சா போதும், ‘ஏங்க, இத பாருங்க’ம்பா. அந்த எடத்த மட்டும் வாய்விட்டுப் படிப்பேன். எங்க வீட்டுக்காரர நான் பேர் சொன்னதே இல்ல. கூப்ட்டதெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். இனிமே அத யாராண்ட சொல்றது?”

“கதை நல்லாருக்குமாக்கா?”

“சூப்பரா இருக்கும். எப்பவும் அவதான் மொதல்ல கண்டுபுடிப்பா.”

ஓட்டுநர் ஏறி வண்டியைக் கிளப்பினார். இரைச்சலில் இளையவர் குரலை உயர்த்திக் கேட்டார்:

“அவ கூப்ட்டா அவரு என்னா சொல்லுவாரு?”

“அடுத்த வரியில ‘என்னம்மா’னு போட்டிருக்கும். அத நான் படிக்க மாட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்து பாப்பேன்.”